மலைச்சாரல் விழாவின் முதல் பந்தி

கையில் அப்பளக் கூடை. தோளில் துண்டு. சட்டைப் பையில் ‘விழாக் குழு’ என்று கொட்டை எழுத்தில் போட்ட பேட்ஜ். இந்தக் கோலத்தில் திண்டுக்கல்லில் ஒரு கல்யாண மண்டபத்தின் சாப்பாட்டுக் கூடத்தில் இலை இலையாக அப்பளம் வைத்துக்கொண்டு போனேன். முகத்தில் அப்படி ஒரு பூரிப்பு. என் கல்யாணப் போட்டோவில்கூட நான் அப்படிச் சிரித்ததில்லை.

மாடிப்படியில் என் மனைவி கனகவல்லி இறங்கி வந்தாள். இடம் பிடிக்கத்தான் வருகிறாள் என்று நினைத்து, ஓரத்தில் அவளுக்கென்று பிடித்துவைத்திருந்த நாற்காலியைக் கை காட்டினேன்.

“மேல ஸ்டெல்லாக்கா வெறும் நாற்காலிக்குப் பாடிக்கிட்டு இருக்கு. நீங்க இங்கன அப்பளம் வச்சுக்கிட்டு இருக்கீங்க” என்றாள்.

அப்போதுதான் உறைத்தது. மாடியில் நடந்துகொண்டிருப்பது கல்யாணம் இல்லை, கச்சேரி. கச்சேரி கேட்க வந்த அத்தனை பேரும் என் முன்னால் இலை போட்டு உட்கார்ந்திருந்தார்கள். உட்கார வைத்தவன் நான்.

என்னைச் செத்த நேரம் அங்கேயே நிறுத்திவைத்துவிட்டு, இந்த நிலைமைக்கு எப்படி வந்தேன் என்பதைச் சொல்கிறேன். அப்பளக் கூடை ஒன்றும் கனமில்லை.

மலை எங்கே போனது?

எல்லாம் ரத்தினம் அண்ணனால் வந்தது. ஜவுளிக்கடை வைத்திருப்பவர், நல்ல மனுஷன். ஒரு கோடை விடுமுறைக்குக் குடும்பத்தோடு வடக்கே ஏதோ ஒரு மலை ஊருக்குப் போய்விட்டு வந்தார். போன இடத்தில் இசை விழா நடந்திருக்கிறது. ஊரே கூடிப் பாட்டுக் கேட்டதாம். டீக்கடைக்காரர்கூட அடுப்பை அணைத்துவிட்டுக் கேட்டாராம். திரும்பி வந்ததிலிருந்து அண்ணனுக்கு இருப்புக் கொள்ளவில்லை.

“ஏம்ப்பா, நமக்கு மலை இல்லையா? வெளியூர்ல நம்ம ஊரு பேரச் சொன்னா ஒருத்தன் பூட்டுங்கிறான், ஒருத்தன் பிரியாணிங்கிறான். பாட்டுன்னு ஒருத்தனாச்சும் சொல்லணும்லப்பா” என்றார்.

பேச்சு நடந்தது என் மூக்குக் கண்ணாடிக் கடையில். என் கடையில் நாற்காலிகள் அதிகம், வாடிக்கையாளர்கள் குறைவு என்பதால் ஊரில் எந்தக் குழு ஆரம்பித்தாலும் அங்கேதான் ஆரம்பிக்கும். சுற்றிலும் முகம் பார்க்கும் கண்ணாடிகள் வேறு. பேசுகிறவர்கள் தங்களைப் பார்த்துக்கொண்டே பேசலாம். அதனாலோ என்னவோ, எங்கள் தீர்மானங்கள் எல்லாம் கொஞ்சம் பெரிதாகவே இருக்கும்.

‘மலைச்சாரல் இசை விழா’ என்று பெயர் வைத்தோம். சிறுமலையில் நடத்துவது என்று முடிவானது. பனி மூடிய மலை, அதன் மேல் ஒரு வீணை என்று நோட்டீஸும் அடித்தாகிவிட்டது. அதன் பிறகுதான் இடம் பார்க்க மலைக்குப் போனோம். இந்த வரிசைமுறை எங்கள் ஊருக்கே உரியது.

வளைவுகளில் வேன் திரும்பத் திரும்ப ரத்தினம் அண்ணனின் முகம் வெளுத்தது. பாதி வழியில் வேனை நிறுத்தி, மிளகுக்கொடி படர்ந்த மரம் ஒன்றைப் பிடித்துக்கொண்டு வாந்தி எடுத்தார். மேலே போனதும், அங்கே பழக்குலை ஏற்றிக்கொண்டிருந்த ஒருவரிடம் பஸ் வசதி பற்றி விசாரித்தோம்.

“பஸ்ஸா? காலையில ஒண்ணு வரும். வந்தா வரும்” என்றார்.

இறங்கும்போது அண்ணன் கண்ணை மூடிக்கொண்டு, “விழா கீழயே நடக்கட்டும். பேரு மட்டும் மேல இருக்கட்டும்” என்றார். ஒருமனதாக ஏற்றுக்கொண்டோம்.

அது ஆடி மாதம். ஆடியில் கல்யாணம் கிடையாது என்பதால் மண்டபம் காலியாக இருந்தது. மாடியில் மேடையும் கூடமும், கீழே சாப்பாட்டுக் கூடம். நோட்டீஸில் இடத்தின் பெயரை மட்டும் மாற்றினோம். பனியையும் மலையையும் மாற்றவில்லை.

அதன் பலன் விழா அன்று காலையில் தெரிந்தது. நோட்டீஸை யாரோ செல்போனில் அனுப்பி, அதைப் பார்த்துவிட்டுச் சென்னையிலிருந்து ஒரு தம்பதி வந்திருந்தார்கள். கணவர் கையில் கம்பளிக் குல்லா, மனைவி தோளில் ஸ்வெட்டர். ஆடிக்காற்று அனலும் மண்ணுமாக அடித்துக்கொண்டிருந்தது. “மலை எந்தப் பக்கம் சார்?” என்று கேட்டார் அந்த மனிதர். மண்டபத்து வாசலில் நின்று தூரத்தில் நீலமாகத் தெரிந்ததைக் காட்டினேன். அவர் ரொம்ப நேரம் அதைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

எனக்குக் கிடைத்த துறை

விழாக் குழுவில் ஆளுக்கொரு வேலை. மேடை ஒருவர், மைக்செட் ஒருவர், வித்வான்களை அழைத்து வருவது ஒருவர். எனக்கு எதைக் கொடுப்பது என்று அண்ணன் யோசித்தார். என் இசை ஞானம் ஊருக்குத் தெரியும். ஒருமுறை கச்சேரியில் வித்வான் சுருதி சேர்த்து முடித்ததும், அதுதான் முதல் பாட்டு என்று பலமாகக் கை தட்டியவன் நான்.

“சாப்பாட்ட நீ பாத்துக்கப்பா” என்றார்.

பிறவிப் பயன் அடைந்தேன். எங்கள் சொந்தத்தில் எந்த விசேஷம் என்றாலும் பந்தி விசாரிப்பது நான்தான். நிலக்கோட்டைப் பக்கத்துக் குடியானவக் குடும்பம் எங்களுடையது. அண்ணன் தம்பிகள் பூ போட்டார்கள், தென்னை வைத்தார்கள், நான் கண்ணாடிக் கடை வைத்தேன். நிலத்தில் எதுவும் விளைவிக்கத் தெரியாதவனுக்கு, விளைந்ததைப் பரிமாறுவதிலாவது பேர் இருக்கட்டும் என்று வீட்டில் விட்டுவிட்டார்கள்.

பிரியாணி கூடாது என்று குழு கண்டிப்பாகச் சொல்லிவிட்டது. இசை விழாவுக்கு வந்தவன் ஊருக்குத் திரும்பிப் போய் பிரியாணியைப் பற்றிப் பேசிவிடக் கூடாதல்லவா? ஆகவே சைவச் சாப்பாடு. காய் வாங்க நானே ஒட்டன்சத்திரம் சந்தைக்குப் போனேன். மூட்டை மூட்டையாக எடுத்து வைப்பதைப் பார்த்த வியாபாரி கேட்டார்.

“ஏனுங்க, கல்யாணம் யாருக்குங்க?”

“கல்யாணம் இல்லண்ணே. இசை விழா.”

“பாட்டுக் கேக்கறதுக்கு எதுக்குங்க இத்தன கத்தரிக்கா?”

அந்த மனிதரிடம் விழாவை ஒப்படைத்திருக்கலாம். எனக்கு அப்போது தோன்றவில்லை. ‘பாட்டு எப்படி இருந்தாலும் இருக்கட்டும், வந்தவர்கள் என் சாப்பாட்டைப் பற்றி வருஷக்கணக்கில் பேச வேண்டும்’ என்றுதான் மனதுக்குள் ஓடிக்கொண்டிருந்தது. இதை அண்ணனிடம் சொல்லவில்லை.

கத்தரிக்காய் முருங்கைக்காய் போட்ட சாம்பார், அவரைக்காய்ப் பொரியல், உருளைக்கிழங்கு வறுவல், ரசம், பால் பாயசம். இலைக்கு ஒரு சிறுமலை வாழைப்பழம். மலைச்சாரல் விழாவில் மலை என்று இருந்தது அந்தப் பழம் மட்டும்தான்.

இறைவணக்கம் ஸ்டெல்லா

இனி ஸ்டெல்லாக்காவைச் சொல்ல வேண்டும். எங்கள் தெருவில் மூன்று வீடு தள்ளி இருக்கிறார். அரசாங்க அலுவலகம் ஒன்றில் டைப்பிஸ்டாக இருந்து ஓய்வு பெற்றவர். சின்ன வயதில் சின்னாளபட்டியில் முறையாகப் பாட்டுக் கற்றுக்கொண்டவர். சர்ச் பாடகர் குழுவில் பாடுவார். ஊரில் எந்தக் கூட்டம் என்றாலும் இறைவணக்கம் அவர்தான்.

இறைவணக்கம் பாடுவது எப்படி என்று உங்களுக்குத் தெரியும். பாடும்போதே நாற்காலி இழுபடும். விருந்தினருக்கு மாலை வந்ததா என்று யாரோ ஓடுவார். மைக்செட்காரர் மேடை ஏறி, பாடுகிறவர் வாய்க்கு முன்னாலேயே மைக்கைத் திருகுவார். பாட்டு முடிந்ததும், “விழா இனிதே தொடங்குகிறது” என்பார்கள். அதாவது அதுவரை நடந்தது விழாவில் சேர்த்தி இல்லை. அக்கா தன் ஆயுசு பூராவும் விழா தொடங்குவதற்கு முன்னால்தான் பாடியிருக்கிறார்.

அந்த வருஷம் அவருக்குத் தொண்டையில் தைராய்டு கட்டி. மதுரையில் ஆபரேஷனுக்கு நாள் குறித்திருந்தார்கள். கட்டியை எடுத்துவிடலாம், பயமில்லை, ஆனால் குரல் பழையபடி இருக்கும் என்று உறுதி சொல்ல முடியாது என்று டாக்டர் சொல்லிவிட்டார். விழா முடிந்த அடுத்த வாரம் ஆபரேஷன்.

அக்கா இதை என் மனைவியிடம் மட்டும் சொல்லியிருந்தார். “ஒரே ஒரு தடவ, ஆளுக உக்காந்து கேக்க, முழுசாப் பாடிப்புடணும் கனகம். பெறகு அது போனாப் போகுது” என்று சொன்னாராம். கனகவல்லி ரத்தினம் அண்ணனிடம் போய் நின்றாள். அண்ணனுக்குக் கண் கலங்கிவிட்டது. வெளியூர் வித்வானைச் சாயங்காலத்துக்குத் தள்ளிவைத்து, கூட்டம் நிறைந்திருக்கும் மதியத்துக்கு முந்தைய நேரத்தை அக்காவுக்குக் கொடுத்தார். பக்கத்தில் வயலின், மிருதங்கம். முழுக் கச்சேரி.

எனக்கும் எல்லாம் தெரியும். தெரிந்துதான் அப்பளக் கூடையோடு நிற்கிறேன்.

கும்பிட்ட கை

நடந்தது இதுதான். அக்கா ஆனந்தபைரவியை எடுத்து நிதானமாக விரித்துக்கொண்டிருந்தார். மாடிக்கூடம் நிறைந்திருந்தது. கீழே சமையல் மாஸ்டர் சாம்பாரை இறக்கிவிட்டு, “சார், ரெடி” என்றார். எனக்குக் கை பரபரத்தது.

சென்னைத் தம்பதிக்கு மதியம் ரயில். அவர்களை மட்டும் முன்கூட்டியே சாப்பிட வைத்து அனுப்பலாம் என்று மாடி ஏறினேன். கடைசி வரிசையில் இருந்தார்கள். குனிந்து, காதோடு காதாக, “சாப்பாடு ரெடி சார், வாங்க” என்றேன்.

பக்கத்து நாற்காலிக்காரர் என்னைப் பார்த்தார். எங்கள் பக்கத்தில் ஒருவரைச் சாப்பிடக் கூப்பிட்டுவிட்டுப் பக்கத்தில் இருப்பவரை விட்டுவிட முடியாது. ஆயுசுக்கும் பேச்சு வார்த்தை நின்றுபோகும். கை கூப்பி, “நீங்களும் வாங்கண்ணே” என்றேன். அவருக்கு அடுத்தவர் பார்த்தார். அவரையும் கும்பிட்டேன். அதற்கு முன் வரிசையில் இரண்டு பேர் திரும்பினார்கள். இப்படி ஒவ்வொருவராகக் கும்பிட்டுக் கும்பிட்டு, முதல் வரிசைக்கே போய்விட்டேன்.

அங்கேயாவது நின்றேனா? நிமிர்ந்தபோது மேடையிலிருந்த மிருதங்கக்காரரின் கண்ணும் என் கண்ணும் சந்தித்தன. கை தானாகக் குவிந்தது. அவர் தலையை ஆட்டினார். ராகத்தை ரசிக்கிறார் என்று நினைத்துக்கொண்டேன். அக்கா மட்டும் கண்ணை மூடிப் பாடிக்கொண்டிருந்தார்.

பிறகென்ன? முதல் பந்தியில் உட்காராதவன் ஏமாளி என்பது எங்கள் ஊர்ச் சட்டம். நாற்காலியில் கைக்குட்டையைப் போட்டுவிட்டு ஆட்கள் எழுந்தார்கள். இடம் கிடைக்காதவர்கள், சாப்பிடுகிறவர்களின் முதுகுக்குப் பின்னால் போய் நின்று, நாற்காலியைப் பிடித்துக்கொண்டார்கள். அந்தப் பாட்டு முடிந்ததும் மிருதங்கக்காரரே இறங்கி வந்து இலை முன்னால் உட்கார்ந்தார். வெள்ளந்தியான மனுஷன். கூப்பிட்டதும் வந்துவிட்டார்.

இலை முன்னால்

இப்போது கனகவல்லி என் முன்னால் நிற்கிறாள். ரத்தினம் அண்ணனைத் தேடினேன். அவரும் முதல் பந்தியில்தான் இருந்தார்.

“அண்ணே, மேல அக்கா பாடுது. யாருமே இல்லண்ணே.”

அண்ணன் பதறினார். “ஐயையோ! இந்தா, ரசம் மட்டும் ஊத்தச் சொல்லுப்பா, உடனே வாரேன்.”

கூடத்தைப் பார்த்தேன். அத்தனை பேரும் சோற்றில் கை வைத்தாகிவிட்டது. ‘எழுந்து மேலே போங்கள்’ என்று யாரிடம் சொல்வது? இலையில் உட்கார்ந்தவரை எழுப்புகிற பாவத்தை எங்கள் வம்சத்தில் யாரும் செய்ததில்லை. எழுப்பவும் முடியாது, விடவும் முடியாது. என் மேல் எனக்கே அருவருப்பாக இருந்தது. ஒரு மனுஷி அறுபது வயதுக்கு மேல் கேட்ட ஒரே ஒரு மணி நேரத்தை நான் அவரைக்காய்ப் பொரியல் வைத்துக் கெடுத்துவிட்டேன்.

மாடிப்படியில் செருப்பில்லாத காலடி கேட்டது. அக்காதான். பட்டுப் புடவை, கையில் சுருதி ஓடிக்கொண்டிருந்த செல்போன். பின்னால் வயலின் வாசிக்கும் பெண், வயலினை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு மிரள மிரள நின்றாள்.

“அக்கா, செத்த நேரம் பொறுங்க, இவங்கள எந்திரிக்கச் சொல்லி...” என்று உளறினேன்.

“சோத்துல கை வச்சவங்கள எந்திரிக்கச் சொல்லாத தம்பி” என்றார் அக்கா. “நான் இங்கனயே பாடுறேன். ஒரு சொம்பு குடு.”

தண்ணீர் குடிக்கத்தான் கேட்கிறார் என்று நிறைத்துக் கொடுத்தேன். தண்ணீரைக் கொட்டிவிட்டு, காலிச் சொம்புக்குள் செல்போனைப் போட்டார். சுருதி அந்த எவர்சில்வர் சொம்பிலிருந்து கும்மென்று எழுந்தது. கை கழுவும் இடத்துக்கு முன்னால், அடுக்கி வைத்த பிளாஸ்டிக் நாற்காலிகளில் ஒன்றை இழுத்துப் போட்டு உட்கார்ந்து, விட்ட இடத்திலிருந்து தொடர்ந்தார்.

முதலில் ஒன்றும் மாறவில்லை. “சாம்பார்!” என்று ஒருவர் கத்தினார். “இங்கிட்டு ஒரு கரண்டி பொரியல்” என்றார் இன்னொருவர். அக்கா இந்தத் தடவை கண்ணை மூடவில்லை. சாம்பார் கேட்டவரைப் பார்த்தே பாடினார். அந்த மனிதர் தூக்கிய கையை மெல்ல இறக்கிக்கொண்டார்.

மேலே மைக்கில் கேட்டபோது எனக்கு ஒன்றும் புரிந்ததில்லை. இங்கே மைக் இல்லை. ஒரு மனுஷியின் குரல் இரண்டு முழத் தூரத்தில் இருந்தது. மூச்சு எடுப்பது கேட்டது. கீழே இறங்கும்போது அது கொஞ்சம் கரகரத்தது. மேலே ஏறும்போது கழுத்து நரம்பு புடைத்தது. புடவைத் தலைப்புக்கு மேலே அந்தக் கட்டி தெரிந்தது.

வாளி வைத்திருந்தவர்கள் வாளியோடு நின்றார்கள். நாற்காலியைப் பிடித்து நின்ற இரண்டாம் பந்திக்காரர்கள், முன்னால் இருப்பவர் எப்போது எழுவார் என்று பார்ப்பதை விட்டுவிட்டார்கள். யாரோ எட்டிப்போய் ஒழுகிக்கொண்டிருந்த குழாயை மூடினார்கள். மிருதங்கக்காரர் இடது கையால் மேஜையில் தாளம் போட ஆரம்பித்தார். வலது கையில் சோறு காய்ந்துபோயிருந்தது. எங்கள் ஊரில் ஒரு பந்தி முடிய எவ்வளவு நேரம் ஆகும் என்று எனக்குத் தெரியும். அந்தப் பந்தி முடியவே இல்லை. ரசத்தை யாரும் கேட்கவில்லை, அண்ணன் உட்பட.

எனக்குக் கண்ணில் நீர் வந்துவிட்டது. வெங்காயம் நறுக்கிய இடம் பக்கத்தில்தான் என்று சொல்லித் தப்பிக்கலாம். ஆனால் நறுக்கி முடித்து வெகு நேரம் ஆகியிருந்தது.

பாட்டு முடிந்ததும் கை தட்ட முடியாமல், இடது கையால் மேஜையைத் தட்டினார்கள். “இன்னொண்ணு பாடுக்கா” என்று பின்னாலிருந்து ஒரு குரல் வந்தது. அக்கா பாடினார். இரண்டாம் பந்திக்கும் பாடினார், மூன்றாம் பந்திக்கும் பாடினார். முதல் பந்தியில் சாப்பிட்டவர்கள் போகாமல் சுவரோரம் நின்றார்கள். சென்னைத் தம்பதி ரயிலை விட்டுவிட்டார்கள்.

உப்பு

விழா முடிந்து வெகு நாள் வரை நான் கடைக்கு வந்தவர்களிடமெல்லாம், கண்ணைப் பரிசோதிக்கும் சாக்கில், “அன்னைக்குச் சாப்பாடு எப்படி?” என்று கேட்டுக்கொண்டிருந்தேன். புத்தி அவ்வளவுதான்.

“என்ன கொழம்பு, என்ன வெஞ்சனம் போட்டீங்க? நெனப்பே இல்லையே” என்றார் ஒருவர்.

“சோறு போட்டீங்களா என்ன? ஸ்டெல்லாம்மா பாடுச்சே, அதுதான் ஞாபகம் இருக்கு” என்றார் இன்னொருவர்.

ரத்தினம் அண்ணனுக்கு ஏகப்பட்ட சந்தோஷம். எனக்கும் சந்தோஷம்தான். ஆனால் அந்தக் கத்தரிக்காயை நான் ஒவ்வொன்றாகப் பார்த்து எடுத்திருந்தேன்.

ஆபரேஷன் முடிந்து, ஒரு நாள் ஸ்டெல்லாக்கா கண்ணாடியின் பிரேம் மாற்றக் கடைக்கு வந்தார். கழுத்தைச் சுற்றி ஒரு மெல்லிய துணி. பேசினார். குரல் மாறித்தான் போயிருந்தது. காய்ந்த சருகை மிதித்த மாதிரி இருந்தது. “மேல போக மாட்டேங்குது தம்பி. கீழ மட்டும் கொஞ்சம் இருக்கு” என்றார். வருத்தமாகச் சொல்லவில்லை.

பிரேமைத் துடைத்துக்கொண்டே, வாய்ப் பழக்கத்தில் கேட்டுவிட்டேன். “அன்னைக்குச் சாப்பாடு எப்படிக்கா இருந்துச்சு?”

அக்கா கழுத்துத் துணியைச் சரிசெய்துகொண்டார். “நான் சாப்பிடலையே தம்பி.”

“என்னக்கா சொல்றீங்க?”

“பாடி முடிச்சுப் பாத்தேன். எல்லாரும் கிளம்பிட்டாங்க. நீ மண்டபத்துல அம்புட்டுப் பேரையும் கும்பிட்டுக் கூப்பிட்டியாமே. என்னை யாரும் கூப்பிடல. கூப்பிடாம எப்படி உக்கார்றது? வீட்டுக்குப் போயி மோரு குடிச்சேன்.”

சுற்றிலும் இருந்த கண்ணாடிகளில் எல்லாம் என் முகம் தெரிந்தது. எதிலும் பார்க்க முடியவில்லை.

கடையை அப்படியே விட்டுவிட்டு, அக்காவின் முன்னால் வந்து நின்று இரண்டு கையும் கூப்பினேன். “ஞாயித்துக்கிழமை வீட்டுக்குச் சாப்பிட வரணும்க்கா.”

“வாரேன்” என்றார்.

வந்தார். இலை போட்டேன். அதே சாம்பார், அதே பொரியல், அதே சிறுமலைப் பழம். இந்தத் தடவை சமையலும் நான்தான். கனகவல்லி அடுக்களை வாசலில் நின்று சிரிப்பை அடக்கிக்கொண்டிருந்தாள். அக்கா சோற்றைப் பிசைந்து ஒரு வாய் வைத்தார். மென்றார். நான் அப்பளத்தைக் கையில் வைத்துக்கொண்டு மூச்சுவிடாமல் நின்றேன்.

அந்தச் சருகுக் குரலில், ஆனால் ரொம்பத் தெளிவாக, அக்கா சொன்னார்.

“செத்த உப்புக் கம்மி தம்பி.”